மேஜரின் நாய்க்குப் பொறுப்பாளர்

சிவபாதசுந்தரத்துக்கு நாய் என்றால் பிடிக்காது. கடிதம் பிடித்திருந்தது. நாய் இல்லாமல் கடிதம் கிடைக்காது என்று ஐறீன் சொன்னபடியால்தான் நாய் வந்தது.

ஐறீன் கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கொள்ளுப்பிட்டியில் மேஜர் ஹபுகொடவின் கந்தோரில் டைப்பிஸ்ட். படையிலிருந்து ஓய்வுபெற்ற மேஜருக்கு இரண்டு தொழில்: தேயிலை ஏற்றுமதி, நாய். உயர்சாதி நாய்களை வைத்துக் குட்டி விற்றார். வீட்டில் இடம் போதாமல் பெட்டை நாய்களை நல்ல குடும்பங்களாகப் பார்த்து விட்டுவைத்தார்.

"சாப்பாடு, ஊசி எல்லாம் அவர்ர பொறுப்பு, அங்கிள். நாய் உங்கட வீட்டில இருக்கும். குட்டி போடுற காலத்தில மட்டும் கொண்டு போவார். மூண்டு தரம் குட்டி போட்டிட்டா நாய் உங்களுக்கே சொந்தம்."

"எனக்கு இருக்கிற சொந்தங்கள் காணாதே, பிள்ளை?"

"கடிதம் ஒண்டும் தருவார்."

"என்ன கடிதம்?"

ஐறீன் குரலைத் தாழ்த்தினாள். மேஜரின் பெயரும் பதவியும் தலைப்பில் அச்சிட்ட தாள். சிங்களத்தில் எழுத்து. இந்த நாய் என்னுடையது, இன்ன முகவரியில் இன்னார் இதன் பொறுப்பாளர், அவரை நான் தனிப்பட்ட முறையில் நன்கு அறிவேன், தேவையான உதவியைச் செய்யவும்.

"'நன்கு அறிவேன்' எண்டது நான் போடுறது. அவர் வாசிக்காமக் கையெழுத்து வைப்பார்."

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்த காலம். அந்த வருடம் மட்டும் சிவபாதசுந்தரத்தை மூன்று தடவை சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வயது அறுபத்திரண்டு. காணித் திணைக்களத்தில் முப்பது வருடச் சேவை. இது எதுவும் அடையாள அட்டையில் இல்லை. பிறந்த இடம் யாழ்ப்பாணத்துக் காரைநகர் என்பது மட்டும் இருந்தது. மூன்று தடவையும் பின்னேரம்வரை பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, வெளியே போகக் கேட்டதற்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குச் சலம் காற்சட்டையோடு போய்விட்டது. மனைவி நாகேஸ்வரியிடம் அதைச் சொல்லவில்லை. காற்சட்டையைத் தானே தோய்த்துக் காயப்போட்டார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் தோய்த்த முதல் உடுப்பு அது.

"நாயை அனுப்பச் சொல்லு, பிள்ளை," என்றார்.

நாய் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்தது. டாஷவுண்ட் சாதி. உடம்பு ஒரு வாங்கு நீளம், கால் நாலு அங்குலம். பெயர் டச்சஸ்.

நாகேஸ்வரி சுற்றிவந்து பார்த்தாள். "மிச்சக் காலை எங்க விட்டிட்டு வந்தது?"

சைவ வீடு. செவ்வாயும் சனியும் மேஜரின் டிரைவர் அவித்த இறைச்சிப் பார்சல் கொண்டுவந்தான். முதல் வாரம் நாகேஸ்வரி அதைக் குறட்டால் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். இரண்டாம் மாதம் கையால் பிய்த்து ஊட்டினாள். பிறகு தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுச் சாமி அறைக்குப் போனாள். நாய்க்கு டச்சி என்று பெயர் சுருங்கியது. வெள்ளிக்கிழமைகளில் டச்சியும் மரக்கறி.

சிவபாதசுந்தரம் கடிதத்தை லமினேற் செய்து, நாயைப் பிடித்துக்கொண்டு பாமன்கடை செக்பொயின்றுக்குப் போனார். வேலை ஒன்றும் இல்லை, பரீட்சித்துப் பார்க்கத்தான். ஆமிக்காரப் பொடியன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தான்.

"மேஜர் மஹத்தயாகேத?" மேஜர் ஐயாவுடையதா என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஓவ்," என்றார் சிவபாதசுந்தரம்.

பொடியன் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து மேஜரின் நாயின் காதைத் தடவினான். அடையாள அட்டையைக் கேட்கவே இல்லை. சிவபாதசுந்தரம் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார். பின்னேரம் மறுபடி போனார்.

ஒரு மாதத்தில் ஒழுங்கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு இராசரத்தினம் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை, நாயை ஒருக்காத் தாங்கோ. கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போட்டு வாறன்."

"நீர் சைவமெல்லோ?"

"நேர்த்திக்கு என்ன சைவம், அண்ணை."

"கடிதத்தில என்ர பேரெல்லோ கிடக்கு."

"உங்கட பேரை அவன் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் கோயிலால திரும்பியிடுவன்."

உள்ளேயிருந்து நாகேஸ்வரியின் குரல் வந்தது. "அது என்ன, நூறாம் நம்பர் பஸ்ஸோ? கண்டவை நிண்டவை ஏறிப்போக?"

முதல் ஈற்றில் ஐந்து குட்டிகள். அந்த எட்டு வாரமும் டச்சி மேஜர் வீட்டில். சிவபாதசுந்தரம் கடிதத்தை மட்டும் கொண்டு ஒருநாள் வெளிக்கிட்டார். "நாய் எங்கே?" என்று கேட்டார்கள். மிச்ச நாளெல்லாம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

அடுத்த வருடம் இரண்டாம் ஈற்றில் குட்டி குறுக்கே நின்றுவிட்டது. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். நாலில் ஒன்று தப்பியது. டச்சி தையலோடு திரும்பி வந்தது. இன்னொரு தரம் குட்டி தங்கினால் தாய் மிஞ்சாது என்று பாமன்கடை மிருக வைத்தியர் சொன்னார்.

"மேஜரிட்டப் போய்ச் சொல்லுங்கோ," என்றாள் நாகேஸ்வரி. "இனிக் குட்டி வேண்டாம். ஒப்பரேஷன் செய்து எங்களிட்டத் தரட்டாம்."

"தருவார். கடிதத்தைத் திருப்பிக் கேப்பாரே."

"கேட்டாக் குடுங்கோ."

"என்னைப் பிடிச்சுக்கொண்டு போனா?"

"நீங்கள் திரும்பி வருவியள். அது வராது."

சிவபாதசுந்தரம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் கொள்ளுப்பிட்டிக்குப் போனார். வழிநீள யோசித்தார். டச்சியும் சாகக்கூடாது, கடிதமும் போகக்கூடாது. அப்படி ஒரு வழி இருப்பதாக அவருக்குப் பட்டது. முப்பது வருடம் கந்தோரில் அவர் கற்ற வழி அதுதான்: ஒரு முடிவும் எடுக்காமல் கோப்பினை மேசையில் வைத்திருப்பது.

மேஜர் வாசல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஐறீன் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"இந்தமுறை வேண்டாம், சேர்," என்றார் சிவபாதசுந்தரம் ஆங்கிலத்தில். "அடுத்தமுறை பார்ப்போம். அதற்கடுத்த முறையும் பார்க்கலாம்."

"ஒப்பரேஷன்?"

"அதையும் அவசரப்பட வேண்டாம்."

மேஜர் சிரித்தார். "என்னிடம் ஆறு பெட்டை நாய்கள். ஆறும் தமிழ் வீடுகளில் இருக்கின்றன. தமிழர்களுக்கு நாய்மேல் இவ்வளவு அன்பு என்று படையில் இருந்த காலத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை."

சிவபாதசுந்தரம் டச்சியைப் பார்த்தார்.

"போன கிழமை ஒரு பழைய சிநேகிதர் போன் எடுத்தார்," என்றார் மேஜர். "ஆறு நாய்களுக்குப் பதினொரு கடிதங்கள் கொழும்பில் திரிகின்றனவாம்."

உள்ளே டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"ஆகவே இனிப் புதுக் கடிதம் கிடையாது. பழையதும் என் நாய் இருக்கும் வீட்டில் மட்டும்தான். நாய் என்னுடையது என்றால் வருகிற மாதம் ஆண் நாயோடு சேர்ப்பேன், கடிதம் உங்களிடம் இருக்கும். உங்களுடையது என்றால் கடிதத்தை வைத்துவிட்டுப் போங்கள். நடுவில் ஒன்றும் இல்லை, மிஸ்டர் சிவபாதசுந்தரம்."

டச்சி சிவபாதசுந்தரத்தின் சப்பாத்துமேல் வயிற்றைப் போட்டுப் படுத்திருந்தது. தையல் போட்ட இடத்தில் மயிர் இன்னும் முளைக்கவில்லை. அந்தச் சூடு காலில் தெரிந்தது. அவர் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார்.

"பெண்சாதி வீட்டில் இருக்கிறா, சேர்," என்றார்.

"விளங்குகிறது," என்றார் மேஜர்.

பம்பலப்பிட்டி செக்பொயின்றில் ஓட்டோவை மறித்தார்கள். சிவபாதசுந்தரத்தின் கை சட்டைப்பைக்குப் போய், அடையாள அட்டையோடு வெளியே வந்தது. காரைநகர். பொலிசுக்கு வந்து வாங்கில் இருக்கச் சொன்னார்கள். ஓட்டோக்காரனிடம் வீட்டுக்குச் சொல்லிவிடும்படி கேட்டார். வாங்கில் ஏற்கெனவே ஏழு பேர். எட்டாவது அவர். ஒன்பதாவதாக டச்சி ஏறிப் படுத்தது.

முதல் மணித்தியாலம் போனது. இரண்டாவதில் அவருக்குச் சலம் முட்டத் தொடங்கியது. வேர்த்தது. மேசையில் இருந்த கொன்ஸ்தாபலைப் பார்த்தார். அவன் எழுதிக்கொண்டிருந்தான். கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். காலை மடக்கினார், நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி இருந்தார்.

சிவபாதசுந்தரம் திடீரென்று எழும்பினார்.

"நாய்க்கு வெளியே போகவேண்டும்," என்றார் சிங்களத்தில். "அவசரம்."

கொன்ஸ்தாபல் கதிரையோடு பின்னால் பாய்ந்தான். "போ, போ! பின்பக்கம்! சீக்கிரம் கொண்டு போ, ஐயா, நேற்றுத்தான் நிலம் கழுவினது!"

பின்மதிலோரம் ஒரு பப்பாசி மரம் நின்றது. சிவபாதசுந்தரம் அதன் மறைவில் நின்றார். நன்றாக நேரம் எடுத்தார். டச்சிக்கு ஒன்றும் வரவில்லை. அது அவரையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பி வந்து இருவரும் வாங்கில் இருந்தார்கள்.

நாலு மணிக்குள் அப்படி மூன்று தடவை போய்வந்தார்கள். மூன்றாம் தடவை, பக்கத்தில் இருந்தவர் குனிந்து மெல்லக் கேட்டார்.

"அண்ணை, அடுத்தமுறை நாயை நான் கொண்டு போகட்டோ?"

"கொண்டு போம். கயித்தை இறுக்கிப் பிடியாதையும், அதுக்கு ஒப்பரேஷன் செய்த உடம்பு."

நாலரைக்கு நாகேஸ்வரி சோற்றுப் பார்சலோடு வந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாயைப் பார்த்தாள். பார்சலை அவிழ்த்து, முதல் பிடியை டச்சிக்கு வைத்தாள்.

"கடிதம்?"

"குடுத்திட்டன்."

நாகேஸ்வரி மிச்சச் சோற்றை அவர் மடியில் வைத்தாள். கொன்ஸ்தாபலிடம் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"உங்களை விட ஆறு மணியாகுமாம். நாயைக் கொண்டு போகட்டாம். வா, டச்சி."

சிவபாதசுந்தரம் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். வாங்கில் இருந்த ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீர் போம்," என்றார். "நாய் இஞ்ச நிக்கட்டும்."