நம்பகம் தொண்ணூற்று நான்கு

"போலீஸ் வர அரை மணி நேரம் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் தங்கை கணவர். கல்யாணமாகித் தலை நரைக்கத் தொடங்கியும் அந்த சூப்பர் மார்க்கெட்டில் அவருக்கு அதுதான் பதவி. வருவார், போவார், ஏசிக்கு முன்னால் நிற்பார். மாடி அறையில் முதலாளி மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே நின்றவள் புள்ளி. கடையின் புள்ளிவிவரம் பார்ப்பவளைச் சுருக்கிப் புள்ளி என்று கூப்பிடப்போய், பெரிய புள்ளி என்ற மரியாதையும் தானாக ஒட்டிக்கொண்டது. சம்பளம்தான் ஒட்டவில்லை.

கீழே சரக்கறையில் சூப்பர்வைசர் அக்காவை உட்கார வைத்து, வெளியே செக்யூரிட்டியை நிறுத்தியிருந்தார்கள்.

போட்ட பில்லை ரத்து செய்தால் பொருள் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். சில மாதமாகத் திரும்பவில்லை. ரேசர் பிளேடு, முகக் கிரீம், பால்பவுடர் என்று கைக்கு அடக்கமாகவும் விலைக்கு அடங்காமலும் இருக்கிற சரக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் போயிருந்தது. பில் மெஷினில் போட்டு ரத்து செய்கிற சாவி எல்லாருக்கும் பொதுவாக ஆணியில் தொங்கும். எடுத்தது யார் என்று எந்த மெஷினுக்கும் தெரியாது. முதலாளி வீட்டு ஆள் உட்பட, கடைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது மட்டும் வாசலில் விரல் வைக்கிற மெஷினுக்குத் தெரியும்.

"எது வாங்கினா கூட எது வாங்குறாங்கன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுதே, ரத்து பில்லு கூட யாரு வர்றாங்கன்னு கேளும்மா. தமிழ்ல கொடு" என்று முதலாளிதான் சொன்னார். புள்ளியும் கேட்டாள். இது நடந்தால் கூட இது என்று அது நூற்றுக்கணக்கில் விதிகளைக் கொட்டியது. ஒன்று நடந்தபோது இன்னொன்றும் எத்தனை தடவை கூட இருந்தது என்று சொல்கிற எண்ணுக்கு 'நம்பகம்' என்று தலைப்புப் போட்டாள். பக்கத்துக் கட்டத்துக்கு 'ஏற்றம்'. அச்செடுத்து மேலே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் அக்கா சரக்கறையில்.

முதல் வரி இப்படி: பில் ரத்து என்றால் சூப்பர்வைசர் பணியில். நம்பகம் 94.

"சார், நம்பகம்னா அவங்கதான் எடுத்தாங்கன்னு நம்பலாம்னு அர்த்தம் இல்லை" என்றாள் புள்ளி. மூச்சு வாங்கியது. மாடிப்படியை ஓடியே ஏறியிருந்தாள்.

"பின்ன என்னம்மா அர்த்தம்? நம்பகம்னு நீதானே போட்டே? நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. என் பொண்டாட்டியையே நான் அவ்வளவு நம்புறதில்லை" என்றார் முதலாளி.

"நான் வச்ச பேர் தப்பு சார். ஒண்ணு கேக்குறேன். ஹேர் டை வாங்குறவங்க பத்துல ஒன்பது பேர் கூடவே பையும் வாங்குறாங்கன்னு வேலைக்குச் சேர்ந்த புதுசுல கொண்டு வந்து காட்டினேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"கடைக்கு வர்றவன் எல்லாம்தான் பை வாங்குறான், இதைச் சொல்லவா உனக்குச் சம்பளம்னேன்."

"அக்காவும் அந்தப் பைதான் சார்."

முதலாளியின் புருவம் ஏறியது. பேரத்தில் எதிராளி திடீரென்று சரியான விலையைச் சொன்னால் ஏறுமே, அந்த மாதிரி.

"கடையில விழுற மொத்தப் பில்லையும் எடுங்க, ரத்தானது ஆகாதது எல்லாம். அதுலயும் நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு அக்கா இருக்கும்போதுதான் விழுது. லீவு போட மாட்டாங்க, ரெண்டு ஷிஃப்டும் அவங்கதான். ரத்து ஆனாலும் அதே எண், ஆகாட்டியும் அதே எண். அப்ப அந்த விதியில என்ன சுவாரசியம் இருக்கு?"

"கூட இருந்தவ எடுக்க மாட்டாளா?" மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்தார். "மச்சான், இது படிச்ச பொண்ணு. வார்த்தையிலயே கயிறு திரிக்கும். அந்தம்மா இதுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறதை நானே பார்த்திருக்கேன்."

"எடுத்திருக்கவும் முடியும்" என்றாள் புள்ளி. அதைச் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் அதுதான் உண்மை. "இந்தக் கணக்கு அவங்களைக் காட்டவும் இல்லை, காப்பாத்தவும் இல்லை. அவங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. ஒண்ணுமே சொல்லாத எண்ணை வச்சு ஒருத்தரை ஜீப்புல ஏத்தக் கூடாது சார். நாளைக்கு விட்டுடுவாங்க. பேர் திரும்பி வருமா?"

"அப்ப யாரைப் பத்திச் சொல்லுது?"

புள்ளியின் கண் மாப்பிள்ளை பக்கம் போய்த் திரும்பியது.

"ஏம்மா, உன்னைத்தான்."

"பக்கத்துக் கட்டம் சார். ஏற்றம்."

"அது விலையேத்தம்தானே? நான் அதைக் கேக்கவே இல்லையேன்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வியாபாரியிடம் ஏற்றம் என்று எழுதிக் கொடுத்தால் வேறு எதை நினைப்பார்? "இல்லை சார். ஒருத்தர் சாதாரணமா கடையில இருக்கிற அளவைவிட, ரத்து ஆகும்போது எத்தனை மடங்கு அதிகமா இருக்காருன்னு சொல்றது. அக்காவுக்கு ஒண்ணு. ஒண்ணுன்னா தொடர்பே இல்லை."

"அதை வச்சு வரிசைப்படுத்து."

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு சொடுக்குதான். முதல் வரியில் யார் வருவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகும், அது நிச்சயம். கீழே ஒருத்தி சோப்புப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் நிச்சயம்.

சொடுக்கினாள்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "நம்பகம் முப்பதுதானே?"

"ஆமா சார். ஆனா மொத்தப் பில்லுல, அவர் இருக்கும்போது விழுறது நூத்துக்கு அஞ்சுதான். ரத்துல முப்பது. ஆறு மடங்கு."

"மீதி எழுபது?"

"எப்பவும் நடக்கிறதுதான் சார். கார்டு வேலை செய்யாது, இல்லைன்னா வீட்டுல இருந்து போன் பண்ணித் திட்டுவாங்க." நிறுத்தினாள். "இதுவும் சாட்சி இல்லை. எங்கே போய்ப் பார்க்கணும்னு காட்டுற விரல், அவ்வளவுதான்."

முதலாளி தலையைத் தூக்கவில்லை. "கடைசியா, இவர் இருந்தப்போ ரத்தான பில் எது?"

"நேத்து மத்தியானம். பால்பவுடர்."

"பின்வாசல் கேமராவைப் போடு."

மாப்பிள்ளை எழுந்தார். "மச்சான், இது நம்ம குடும்ப விஷயம். இந்தப் பொண்ணு முன்னாடி எதுக்கு? அதை அப்புறம் நாம உட்கார்ந்து பேசிக்கலாம்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

"நான் இன்னும் ஒண்ணையும் பார்க்கலையே மாப்ளே. அதுக்குள்ள எப்படி அது குடும்ப விஷயமாச்சு?"

மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. கதவு இரண்டு முறை அறைந்து சாத்திய சத்தம் மாடிவரை கேட்டது.

"ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிடட்டுமா, ஏதோ தப்பா நடந்துடுச்சுன்னு..." மாப்பிள்ளையின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "உங்க தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுவேன் மச்சான்?"

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ உட்காரு. கூப்பிட்டவன் இருந்துதானே வரவேற்கணும்?" முதலாளி புள்ளியிடம் திரும்பினார். அந்த முகம் சட்டென்று பத்து வயது கூடியிருந்தது. "நீ போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாம்மா."

"என்ன சொல்லிக் கூப்பிட சார்?"

அவர் யோசித்தார். எந்தப் பேரத்திலும் அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

"வேணாம். நீ இவனைப் பார்த்துக்கோ. நானே போறேன்" என்று எழுந்து, செருப்பைக் கூட மாட்டாமல் படியிறங்கினார்.