தம்பிக்கு நான் போட்ட மதிப்பெண்

தம்பியைக் கால்பந்து அணியிலிருந்து தூக்கச் சொல்லும் அறிக்கையை என் கையாலேயே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. நான்கு மணிக்குக் கூட்டம். கோச்சும் நிர்வாகிகள் மூன்று பேரும் உட்கார்ந்து, கோல் போட முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர்களில் அடுத்த பருவத்துக்கு எவனை வைத்துக்கொள்வது, எவனை வழியனுப்புவது என்று முடிவு செய்வார்கள். தம்பிக்கு இருபத்தொன்பது வயது. இரண்டாம் பிரிவு கிளப் ஒன்று கழற்றிவிட்ட இருபத்தொன்பது வயது ஸ்ட்ரைக்கரை எவன் சீந்துவான்? பந்தை உதைப்பதைத் தவிர அவனுக்கு வேறு ஒரு மண்ணும் தெரியாது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஷாட்டையும் வீடியோவில் நிறுத்தி, எங்கிருந்து அடித்தான், குறுக்கே எத்தனை பேர், பந்து காலுக்கு எப்படி வந்தது, வாய்ப்பு சுலபமா கஷ்டமா என்று குறிக்க வேண்டும். அந்த மாதிரி வாய்ப்பில் நூற்றுக்கு எத்தனை கோல் விழும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். எல்லாவற்றையும் கூட்டினால், இந்த ஆள் இத்தனை கோல் போட்டிருக்க வேண்டும் என்று ஓர் எண் வரும். அதைவிட அதிகம் போட்டவன் கெட்டிக்காரன். குறைவாகப் போட்டவன் சொதப்பல். அவ்வளவுதான் விஷயம்.

கேலரிக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே எங்கள் அறை. நானும் இன்னொருவனும். சோடாபுட்டி கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவன் சோடாபுட்டிதான், அவனும் கோபித்துக்கொள்வதில்லை. சொந்த மைதானத்து ஆட்டங்களை நான் குறிப்பேன், வெளியூர் ஆட்டங்களை அவன். தம்பி ஆடும் அணிக்கு அக்கா மதிப்பெண் போடலாமா என்று முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு என் அட்டவணையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். அதில் தம்பிதான் கடைசி.

வெளியூரில் அவன் கணக்கு சரியாக இருந்தது. ஆறு கோல் வரவேண்டும், ஆறு வந்தது. சொந்த மைதானத்தில்தான் கோளாறு. நான் குறித்த ஐம்பது ஷாட்டில் பத்து கோல் வந்திருக்க வேண்டும். வந்தது ஆறு. பருவம் பாதி தாண்டியதுமே இந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. அவன் வீட்டுக்கே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன், "உள்ளூர் கூட்டத்தைப் பார்த்தா உனக்குப் பயம்டா. கால் நடுங்குது. கணக்கே சொல்லுது."

அவன் சிரிக்கவில்லை. "அப்படியா இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

வியாழக்கிழமை அந்த அறிக்கைக்கு ஒவ்வோர் ஆட்டமாக வரிசைப்படுத்தியபோது இரண்டு ஆட்டங்கள் மட்டும் இடித்தன. சொந்த மைதானம்தான், அதே கூட்டம்தான். ஆனால் தம்பியின் கணக்கு கச்சிதமாக இருந்தது. என்னடா இது என்று தேதியைப் பார்த்தேன். நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரங்கள். அந்த இரண்டையும் குறித்தவன் சோடாபுட்டி.

வெளியூருக்கும் உள்ளூருக்கும் வித்தியாசம் மைதானத்தில் இல்லை. குறித்த ஆளில் இருந்தது.

நான் குறித்ததில் ஒன்றைத் திறந்தேன். மழையில் வழுக்கும் பந்து, இடுப்பு உயரத்தில் வருகிறது, டிஃபெண்டரின் கால் குறுக்கே நீள்கிறது. நான் போட்டிருந்தது: சுலபம். இன்னொன்று. கோல்கீப்பர் மேலே விழுகிறான், பார்க்கவே இடமில்லை. சுலபம். இதே இடத்திலிருந்து இன்னொருவன் அடித்ததற்குக் கஷ்டம் என்று போட்டிருக்கிறேன். பந்து வெளியே போனதைப் பார்த்துவிட்டு, 'இதைக்கூடப் போடத் தெரியலையா மடையா' என்று திட்டிக்கொண்டே குறித்திருக்கிறேன். அக்கா சலுகை காட்டிவிட்டாள் என்று எவனும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாது. அந்தப் பயத்தில் அவனை நானே வெட்டியிருக்கிறேன்.

இப்போது போய்த் திருத்தினால்? கூட்டத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் அக்கா தம்பியின் எண்ணை ஏற்றுகிறாள். எவன் நம்புவான்?

சோடாபுட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சரி, அந்த ஐம்பது ஷாட் வீடியோவையும் கால் பந்துல படற நொடியோட வெட்டிக் கொடுங்க. கோலா இல்லையான்னு எனக்குத் தெரியக் கூடாது. நான் குறிக்கிறேன்."

"உங்களுக்கும் அவனைப் பிடிக்குமே?"

"பிடிக்கும்தான். அதுக்குத்தானே முடிவை மறைக்கச் சொல்றேன். மத்த ரெண்டு ஸ்ட்ரைக்கரோட ஷாட்டையும் கலந்து வைங்க. சட்டுபுட்டுன்னு ஆகட்டும்."

வெட்டிக் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். என் பயம் இரண்டு பக்கமும் இழுத்தது. என் கணக்கு தப்பு என்று வந்தால் என் வேலை போகும். சரி என்று வந்தால் தம்பி போவான். வேலை போனால் போகட்டும் சாமி என்று நான் வேண்டிக்கொண்டது சத்தியம்.

மூன்று மணிக்கு அவன் வெளியே வந்தான். "பத்து இல்லை. ஏழு."

ஏழு வரவேண்டும், ஆறு வந்தது. ஒரு கோல் வித்தியாசம். காற்று கொஞ்சம் மாறி அடித்தாலே வரக்கூடிய வித்தியாசம். என் தம்பி மேதை இல்லை, சொதப்பலும் இல்லை. சராசரி ஆள், உலகத்தில் முக்கால்வாசிப் பேரைப் போல. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்கு மணிக் கூட்டத்தில் கோச் என் தாளையும் சோடாபுட்டியின் தாளையும் மேஜையில் வைத்துப் பார்த்தார். மறைக்காமல் சொன்னேன், பயந்துபோய்க் கடுமையாகக் குறித்துவிட்டேன் என்று.

"ஏம்மா, உன் கணக்கை நாங்க நம்பினதே நீ தம்பின்னு பார்க்காம போட்டேன்னுதானே?"

"பார்த்துட்டேன் கோச். அதான் தப்பு."

"சரி, இந்த ஏழுங்கிற கணக்கை நான் ஒத்துக்கறேன்." அவர் பேனாவால் தாளின் கீழ்ப் பகுதியைத் தட்டினார். "இதுக்குப் பதில் சொல்லு. முதல்ல மேட்சுக்கு நாலு, அஞ்சு ஷாட் அடிச்சுக்கிட்டு இருந்தான். கடைசி ஆறு உள்ளூர் மேட்சுல மொத்தமே அஞ்சு. இது நீ குறிச்சதாலயா? ஷாட்டை யார் எண்ணினாலும் அஞ்சுதானே?"

நான் அந்த ஆறு ஆட்டங்களின் தேதியைப் பார்த்தேன். முதல் ஆட்டம், நான் அவன் வீட்டுக்குப் போன வாரத்துச் சனிக்கிழமை.

"அது என்னால கோச்," என்றேன். "உனக்குப் பயம்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "நாளன்னைக்கு மேட்சைப் பார்த்துட்டு முடிவு எடுக்கறோம், முழுசும் ஆடட்டும். அவன் கோல் போடலேன்னாலும் பரவாயில்லை. அடிக்கணும். கோல் பக்கமே அடிக்காத ஸ்ட்ரைக்கரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

அன்றே தம்பியின் வீட்டுக்கு ஓடினேன். அவன் ஷூவுக்கு லேஸ் மாற்றிக்கொண்டிருந்தான். தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்று விடாமல், என் பயத்தையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே லேஸைக் கோத்தான்.

"நீ நல்லவ அக்கா," என்றான். "நாலு மணி மீட்டிங்குக்காக எனக்கு ஒரு கணக்கு ஜோடிச்சிருக்கே."

"ஜோடிக்கலைடா! சோடாபுட்டியைக் கேளு!"

"நீ முன்னாடி சொன்னது சரிதான். பந்து வந்தா கால் நிஜமாவே நடுங்குது. நானே பார்த்துட்டேன்."

"அது நான் சொன்னதுக்கு அப்புறம்டா. அதுக்கு முன்னாடி நடுங்கிச்சா?"

அவன் யோசித்தான். "ஞாபகம் இல்லை," என்றான்.

சனிக்கிழமை மதியம் கேலரி நிரம்பியிருந்தது. கோச் மைதானத்தின் விளிம்பில் நின்றார். நிர்வாகிகள் மூன்று பேரும் எங்கள் அறைக்கே வந்து எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அன்று குறிக்க வேண்டியது நான் இல்லை, சோடாபுட்டி. எனக்குப் பார்ப்பதைத் தவிர வேலையே இல்லை. எண்பது நிமிடம் தம்பி ஓடினான், விழுந்தான், எழுந்தான். ஒரு ஷாட் கூட இல்லை.

எண்பத்தோராவது நிமிடத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது. முன்னால் கோல்கீப்பர் ஒருவன் மட்டும். பத்தடி தூரம். டிஃபெண்டர் எவனும் கிட்டத்தில் இல்லை. யார் குறித்தாலும் சுலபம்தான்.

"அடிடா!" என்று நான் கத்தினேன். நிர்வாகிகள் திடுக்கிட்டார்கள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே என் குரல் போகாது என்று தெரியும். ஆனாலும் மேஜை மேல் ஏறாத குறையாகக் கத்தினேன்.

அவன் பந்தை நிறுத்தினான். தலையை நிமிர்த்தினான். கோலைப் பார்க்கவில்லை. மேலே, எங்கள் சன்னலைப் பார்த்தான். பிறகு பந்தைப் பின்னால் இருந்தவனுக்குத் தட்டிவிட்டான்.