தைனானில் நின்ற எருமை

தன் வேலையைப் பார்த்துத் தானே பூரித்துப் போயிருந்தாள் பெய்-ஷான். சிறு மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைக் காக்கும் தைப்பே நிறுவனம் அது. 2009க்கு முந்தைய குறிப்புகளை அழிக்க வேண்டும். ஒரேயடியாக அழித்தால், அதைப் பார்த்து அப்படியே அழிக்கும் வெளியூர் நகல் கணினிகள் திணறிப் பின்தங்கிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, நகல்கள் எட்டிப் பிடித்த பிறகே அடுத்ததைக் கிள்ளும்படி நிரல் எழுதியிருந்தாள். தைனானில் இருந்த, மெதுவாக ஊரும் பழைய நகலுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. அந்த எருமைக்காக நின்றால் வேலை முடிந்த மாதிரிதான்.

தொலைபேசி அடித்தது. ஹுவாலியன் மருத்துவமனை நர்ஸ்.

"மேடம், எங்க நோயாளிங்க குறிப்பு ஒண்ணுகூட இல்ல. பெரியவர் ஒருத்தர் காய்ச்சல்ல நினைவு தப்பிக் கிடக்கார், கூட யாரும் இல்ல. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு பாக்கணும். டாக்டர் ஊசியோட நிக்கிறார்."

"ஊசி போட வேணாம்னு சொல்லுங்க. லைன்லயே இருங்க."

ஹுவாலியன்காரர்கள் போன மாதம்தான் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் இன்னும் 1912ஐ முதல் ஆண்டாக எண்ணும் குடியரசுக் கணக்கில்தான் ஆண்டு எழுதுகிறார்கள். இந்த ஆண்டு அவர்களுக்கு 113. அது 2009ஐவிடச் சின்ன எண்தானே? நேற்று வந்த நோயாளியையும் நிரல் பழசு என்று அழித்துத் தொலைத்திருக்கிறது. பெய்-ஷான் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினாள்.

"லியாவ் அண்ணே, ஹுவாலியன் மொத்தமும் போச்சு. நான்தான் அழிச்சேன்."

மேலாளர் லியாவ் சோற்றுப் பெட்டியை அப்படியே வைத்தார். "ராத்திரி எடுத்து வச்ச காப்புப் பிரதி இருக்குல்ல?"

"மீட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிடும். அங்க ஆள் கிடக்கார்."

"மத்த நகல்?"

"எல்லாத்துலயும் அழிஞ்சாச்சு. அவ்வளவு ஒழுங்கா எழுதித் தொலைச்சிருக்கேன்."

லியாவ் அவள் திரையை எட்டிப் பார்த்தார். "எருமை எங்க நிக்குது?"

தைனான் நகல் இன்னும் பாதிகூட அழித்திருக்கவில்லை. மேற்கொண்டு எந்த அழிப்புக் கட்டளையையும் வாங்காதபடி அதை நிறுத்தினாள். நர்ஸிடம் கேட்டு, பெரியவர் அட்டையில் இருந்த பெயரைத் தேடினாள். இருந்தது.

"பெனிசிலின் ஒத்துக்காது. முன்னாடி ஒரு தடவை மூச்சு நின்னிருக்கு," என்றாள் தொலைபேசியில்.

மறுமுனையில் தட்டில் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

"ஊசியில ஏத்தி வச்சிருந்தது அதுதான், மேடம்," என்றாள் நர்ஸ். குரல் உடைந்திருந்தது. "நீங்க மட்டும் இல்லேன்னா... ரொம்ப நன்றி."

அந்த நன்றியைத்தான் பெய்-ஷானால் தாங்க முடியவில்லை.