மே முதல் நாள் கங்கு

மே மாதம் முதல் தேதி காலையில் அடுப்பு நெருப்பைப் பிறத்தியாருக்குக் கொடுப்பவள், அந்த வருஷத்து வெண்ணெயையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறாள். கான்னமாராக் கடலோரச் சீமையில் இது தெரியாத ஜீவன் கிடையாது. அப்படியிருக்க, அன்றைக்கென்று பார்த்து பக்கத்து வீட்டு டீலியா கையில் சட்டியோடு வாசலில் வந்து நின்றால் சபீனாவுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

போன மே காலையில் சபீனாவின் மேய்ச்சல் புல்லில் டீலியா பாவாடை நனைய நடந்துபோனாள். பனியோடு வெண்ணெயையும் வாரிக்கொண்டு போய்விட்டாள் என்பது சபீனாவின் கணக்கு. கோடை முழுக்கக் கடைந்தும் நுரைதான் கண்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"சபீனாக்கா, ஒரே ஒரு கங்கு குடுங்க. ராத்திரி கூரை ஒழுகி அடுப்பு அணைஞ்சுபோச்சு. அவரும் கடலுக்குப் போயிருக்காரு. பொறந்து ஆறு நாள்கூட ஆகல, புள்ளைக்கு உடம்பெல்லாம் நீலம் பாரிக்குது."

"நல்ல நாள் பாத்து வந்தடி! போன வருஷம் அள்ளினது போதலையா?"

"சத்தியமா நான் ஆடு தேடித்தான் வந்தேன்க்கா."

"ஆமா, வெண்ணெய் திருடுறவ எல்லாம் ஆடுதான் தேடுவா!"

மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த புருஷன் ஃபெஸ்டி தலையைத் தூக்கினான். "மாட்டு வால்ல செவப்புத் துணி கட்டியாச்சு, வாசல்ல மஞ்சப் பூ போட்டாச்சு. இன்னும் என்னடி பயம் ஒனக்கு?"

"நீங்க சும்மா இருங்க! குளிர்காலம் பூரா வெறும் உருளைக்கிழங்கைத் தின்னது மறந்துபோச்சா?"

டீலியா சட்டியை இடுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"நில்லுடி. புள்ளையத் தனியாவா விட்டுட்டு வந்த?"

"வேற யாரு இருக்கா? புள்ள திருடுற தேவதைக் கூட்டம் தூக்கிட்டுப் போயிடாம, தொட்டில் மேல இடுக்கியக் குறுக்கா வச்சுட்டு வந்தேன்."

சபீனாவும் அப்படி இரண்டு தொட்டில்கள்மேல் இரும்பு இடுக்கி வைத்தவள்தான். இரண்டு குழந்தைகளையும் மண்ணுக்குத்தான் கொடுத்தாள். பாவி, எனக்கும் மனசென்று ஒன்று இருக்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நெருப்பு என் வீட்டை விட்டு வெளிய போகாது," என்றாள். "புள்ள உள்ள வரக்கூடாதுன்னு எவன் சொன்னான்? வா!" போர்வையை உருவிக்கொண்டு டீலியாவுக்கு முன்னால் அவளே ஓடினாள்.

குழந்தை அடுப்போரம் வந்தது. டீலியாவுக்குச் சூடாகப் பாலும் கிடைத்தது. வெளியே போகாத பாலுக்கு என்ன தோஷம்? ஆனால் அன்று பீப்பாயில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தார்கள்; கடையும் வீட்டுக்குள் வந்தவர் கடைகோலைத் தொடாமல் போகக்கூடாது, போனால் வெண்ணெய் திரளாது. டீலியா தயங்கித் தயங்கிக் கை நீட்டினாள். சபீனா ஒரு கணம் பார்த்தாள், கோலை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் அந்தப் பிஞ்சுக் காலில் சிவப்பு ஏறியது. ஃபெஸ்டி பீப்பாய் மூடியைத் திறந்து பார்த்தான்.

"அடியே சபீனா, போச்சு! இன்னும் வெறும் நுரைதான்!"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் சபீனா, மடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "புள்ள இப்பதான் தூங்குது."