பதினான்காவது கேள்வி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையின் கேன்டீன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சென்னையில் நாட்டுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நாஜியா, கையில் டேப்லெட்டுடன் மேசை மேசையாகத் தன் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினான்காவது கேள்வி இதுதான்: ‘நம் ராணுவ முகாமை எதிரி தாக்கினால், போர் பெரிதாகும் என்றாலும் பதிலடி கொடுக்க வேண்டுமா?’

உலைப் பிரிவு பச்சையப்பன் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். “அடிச்சே ஆவணும். இதுல இன்னா யோசனை?” என்றார் உரக்க. கூட இருந்தவர்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். ‘உறுதியாக ஆம்’ என்று நாஜியா பதிந்துகொண்டாள்.

ஷிப்டு முடிந்து சங்கு ஊதியபோது அவள் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். பச்சையப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“மேடம், அந்தச் சண்டைக் கேள்விக்கு நான் சொன்னத மாத்த முடியுமா?”

“ஏண்ணா?”

“எம் பையன் பரத் பார்டர்ல கீறான். பெரிய சண்டை வாணாம்னுதான் எனக்கு. அத்தினி பேர் பாத்துக்கினு இருக்கசொல்லோ எப்டி சொல்றது?” கொஞ்சம் தயங்கினார். “தப்பா நெனைக்காதம்மா. நீ உம் பேரைச் சொன்னப்புறம் சத்தம் இன்னும் ஜாஸ்தியாச்சு.”

அவளுக்கும் அது தெரிந்திருந்தது. பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். ஒரு முஸ்லிம் பெயரைக் கேட்டதும் குரல்கள் எப்படி மாறும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பதிந்த பதிலை மாற்ற ஆய்வு விதி இடம் தரவில்லை. அதைச் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நாஜியாவுக்கு மனசு ஆறவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, அதே கேன்டீனில் பதில் சொன்ன நாற்பது பேரையும் வீடு தேடிப் போய்த் தனித்தனியாகக் கேட்டாள். கேன்டீனில் முப்பத்து மூன்று பேர் ‘ஆம்’ என்றிருந்தார்கள். தனியே கேட்டபோது பதினெட்டுப் பேர்தான்.

அந்தக் கணக்கையும் பச்சையப்பன் சொன்னதையும் அவள் எழுதிக் கொடுத்தபோது திட்டத் தலைவர் வெங்கடேசன் பொறுமையாகவே படித்தார்.

“நாற்பது பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது நாஜியா. அதைவிட முக்கியமா ஒண்ணு. எதிரி பயப்படறது நம்ம ஜனங்க வெளிய சொல்றதுக்குத்தான், மனசுக்குள்ள நினைக்கறதுக்கு இல்ல. இவங்க தயங்கறாங்கன்னு நாமளே அச்சடிச்சுக் குடுத்தா, அடிச்சுப் பாக்கலாம்னு அவனுக்குத் தோணும். அப்ப முதல்ல சாகறது உன்னோட பச்சையப்பன் பையன்தான்.”

அவள் தன் முனைவர் பட்ட ஆய்வில் எழுதிய வாதம்தான் அது.

“நம்ம தலைவருங்களும்தானே சார் இதைப் படிப்பாங்க? ஜனங்க எல்லாம் சண்டைக்குத் தயார்னு நம்பி, பின்வாங்க முடியாத எடத்துக்குப் போயிட்டா?”

வெங்கடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டும் நடக்கலாம். எது நடக்கும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.”

அடுத்த மாதம் அறிக்கை வெளிவந்தது. பல ஆலைகளையும் சேர்த்து நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் பதிலடியை ஆதரிப்பதாக அதில் இருந்தது. அவளுடைய நாற்பது வீடுகள் அடிக்குறிப்பில்கூட இல்லை. அச்சுக்குப் போகுமுன்பே தன் பெயரை எடுத்துவிடும்படி அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்; எடுத்துவிட்டார்கள். தனிக் கட்டுரையாக எழுதி அனுப்பியதை ஒரு ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. இன்னொன்றுக்கு அனுப்பினாள்.

அந்த வாரம் ஒரு நாள் இரவு டிவியில் நாலு பேர் அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள். மறுநாள் காலை பச்சையப்பன் போன் செய்தார்.

“எம்பத்திரண்டுன்றானே, அதுல நானும் கீறனாம்மா?”

பொய் சொல்ல ஒரு கணம் நினைத்தாள். “இருக்கீங்கண்ணா.”



“ஞாயித்துக்கிழமைலேந்து பையன் போன் பண்ணல,” என்றார் பச்சையப்பன். “சிக்னல் இல்லியோ இன்னாவோ.”

“பண்ணுவாருண்ணா,” என்றாள் நாஜியா. அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.