தவறாமல் வருக

ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. நகராட்சி எலக்ட்ரீஷியனின் ஒரே மகளைக் கட்டியவர். அதற்கு மேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவில்லை. பெருநகரத்திலோ அவர் பெரிய புள்ளி. விழா நடத்தித் தரும் கம்பெனியில் வேலை. தெருக்குழாய் திறப்பைக்கூட மூன்று நாள் கொண்டாட்டமாக்கி, நாலு விளம்பரதாரர்களைப் பிடித்துவிடுவார். கிளை திறக்கத்தான் கம்பெனி அவரை இங்கே அனுப்பியிருந்தது. ஏரிக்கரைக் கச்சேரிக்கு மெத்தைக் கம்பெனி முதலாளியை வளைத்துப் போட்டால் அவரே கிளை மேலாளர். இல்லையென்றால் கிளையும் கிடையாது, வேலையும் கிடையாது.

அந்தக் கச்சேரி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் ஊரே உதட்டைப் பிதுக்கும். நூலகத்து மைக், பள்ளிக்கூடத்து நாற்காலி, மாமனார் இழுத்துக் கட்டும் பத்துப் பல்பு. தலைமையுரை, நன்றியுரை என்ற தொல்லைகள் இல்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் ஒரே வரி: "சனிக்கிழமை பாட்டு. முடிந்தால் வாங்க."

மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடிந்தால் வாங்கன்னு கூப்பிட்டா எவன் மாமா வருவான்?"

"முடிஞ்சவன் வருவான் மாப்ளே" என்றார் மாமனார், பல்பைத் துடைத்தபடி.

இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை என்று மாப்பிள்ளை சுவரொட்டி அடித்தார். "அனைவரும் தவறாமல் வருக! ஏரிக்கரை, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி." கீழே மெத்தைப் படம். மெத்தைக்கு இடம் போதாததால் 'பாட்டு' என்ற சொல்லைத் தூக்கிவிட்டார். எல்லாம் தெரிந்தவர்கள் இப்படித்தான் எதையாவது தூக்குவார்கள்.

அவருக்குத் தெரியாதது ஒன்று. 'தவறாமல்' என்று அந்த நகராட்சி ஒரே காரியத்துக்குத்தான் எழுதும்: சாலையை அகலப்படுத்த வீடுகளை இடிக்கும் முன், பத்திரத்தோடு விசாரணைக்குக் கூப்பிட.

சனிக்கிழமை ஏரிக்கரையில் எள் போட்டால் எள் விழாது. ஆளுக்கொரு வீட்டுப் பத்திரத்தை மார்போடு அணைத்திருந்தார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. கூட்டத்தைப் பார்த்த மெத்தை முதலாளிக்கு வாயெல்லாம் பல். மேடையேறி மைக்கைப் பிடித்து, "உங்க ஒவ்வொருத்தர் வீட்டையும் நாங்க மாத்தப் போறோம்!" என்றார்.

"யார் வீட்டை யாருய்யா மாத்துறது?" என்று தையல்காரம்மா மேடையில் ஏறி ஆட்சேப மனுவை அவர் கையில் திணித்தார். பின்னாலேயே நாற்பது மனுக்கள் வந்தன.

மாமனார் நிதானமாக வந்து மைக்கை வாங்கினார். "யார் வீடும் போகல. எப்பவும் போலப் பாட்டுதான். எங்க மாப்பிள்ளை தெரியாம எழுதிட்டாரு. உட்காருங்க."

சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. நாற்காலி போதாதவர்கள் காட்சிக்கு வைத்திருந்த மெத்தைகளில் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் பாடினார். இரண்டாவது வரியிலேயே சுருதி விலகியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மாப்பிள்ளையும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் அதிசயம். பின்வரிசையில், தனி மரியாதை எதுவும் இல்லாமல், தன் மெத்தையிலேயே இரண்டு குடும்பங்களுக்கு நடுவே நசுங்கி முதலாளி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அருமையா இருந்துச்சுங்க. இதை இப்படியே எங்க ஊர்ல நடத்தணும். என்ன செலவாகும்? கிளை உங்களுக்குத்தான், உங்க கம்பெனிகிட்ட நான் பேசறேன்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். எதற்கும் விலை சொல்லிப் பழகிய வாய். ஆனால் எதற்கு விலை போடுவது? கண்டக்டரின் சுருதிக்கா? யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஏனோ நெஞ்சு லேசாக இருந்தது.

"இதை விக்க முடியாது சார்."

முதலாளி முகம் சுருங்கியது. "அப்போ நீங்க எதுக்கு?"

"நாற்காலி மடக்க ஆள் பத்தல சார்" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாப்பிள்ளை நடந்தார்.