தூபி நிழல் விழுந்த மனை

பர்மாவின் பழைய பகானிலிருந்து குடிகளைக் கிளப்பிய வருடம், மியா செய்னின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தூபி அங்கேயே நின்றுகொண்டது. அதன் நிழல் மட்டும் மாட்டுவண்டியோடு கூடவே வந்துவிட்டது. மன்னர்களின் தலைநகரம் பார்வைக்குச் சுத்தமாக இருக்கவேண்டும் என்று உத்தரவு, ஒரு வாரக் கெடு. மூன்று மைல் தள்ளி அவர்களுக்கு ஒதுக்கிய வெறும் மனையில் நிழல் இரவும் பகலும் அசையாமல் கிடந்தது. நிலநடுக்கத்தில் கலசக் குடையை இழந்த அதே மொட்டை உச்சி. தெற்கு மூலையில் கிழமேல் நாலடி, தென்வடல் ஆறடி மட்டும் நிழல் படாமல் மிச்சம்.

தூபி நிழலை மிதிப்பது அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஆகாது. மூலையில் ஒரு மூங்கில் குடிசை எழுந்தது.

"எங்களுக்குச் சட்டிபானைகூட முழுசா வந்து சேரல. உங்களுக்குக் கோபுரமே வந்திருக்கே அக்கா!" என்றாள் பக்கத்து மனைக்காரி.

மியா செய்னின் கணவர் ஊ போ டின்னுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தெற்கே தலைவைத்தால் கால் நிழலைப் பார்க்கும், பாவம். வடக்கே தலைவைப்பது பிணத்துக்கு. குறுக்கே படுக்க நாலடிதான். முழங்காலை மடக்கியே படுத்தார். அவர் ஒரு நாளாவது கால் நீட்டித் தூங்கவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

வேறு மனை கேட்டு அலுவலகத்துக்கு நடந்தாள். "நிழலுக்கெல்லாம் மாத்து மனை கிடையாதும்மா," என்றார் குமாஸ்தா. பாய் விரித்து மூடினாள். நிழல் பாய்க்கு மேல் ஏறிக்கொண்டது.

"போதும்ங்க. அது மேலயே வீட்டக் கட்டிருவோம். வெறும் நிழல்தானே?"

"முப்பது வருஷம் அந்தத் தூபியடியைப் பெருக்கின கை இது. இப்ப மிதிக்கச் சொல்றியா?" இருமல் அடங்கியதும் சிரித்தார். "நாமளே மடங்கித்தான் வந்தோம். காலும் மடங்கிக் கெடக்கட்டும், விடு."

இரண்டாவது மழைக்காலத்தின் முடிவில் அவர் இறந்தார். பெண்கள் அவரை வடக்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். முழங்கால்களை நீவி நீவி நேராக்க வெகுநேரம் பிடித்தது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது நிழல் ஓர் ஆள் நீளம் வடக்கே ஒதுங்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், கிடைத்த இடத்தில் வீடு கட்டக் கை கொடுத்தார்கள். மியா செய்ன் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். காலையில் நிழலைச் சுற்றிப் பெருக்குகிறாள். கால் நீட்ட இப்போது தாராளமாக இடம் உண்டு. அவள் மடக்கியே தூங்குகிறாள்.